பாட்டுக்குப் பின்னால் இருக்கும் சம்பவம்: உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

மிசிசாகாவிலிருந்து:

கனடாவின் ராக் இசைக்குழு ட்ராஜிக்கலி ஹிப்பின் 'ஃபிஃப்டி மிஷன் கேப்' பாட்டை கிடங்கு வேலையில் ரேடியோவில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கித்தார் பிடிக்கும், வரிகளைக் கவனித்ததில்லை. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு, "இது பில் பாரில்கோ கதை, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

1951 ஐஸ் ஹாக்கி ஸ்டான்லி கோப்பை இறுதி, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மான்ட்ரியலும். தொடரின் 5 ஆட்டங்களுமே கூடுதல் நேரத்துக்குப் போனவை. ஏப்ரல் 21 அன்று லீஃப்ஸுக்குக் கோப்பையை வாங்கிக்கொடுத்த கோல் பாரில்கோ அடித்தது. அதே ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போனவர் சிறு விமானத்தோடு காணாமல் போனார். வயது 24. லீஃப்ஸ் மறுபடி கோப்பையைத் தொட்டது 1962-இல். அந்த வருடம்தான் விமானமும் கிடைத்தது.

பெரியவர் இதை ஒரு சாபக் கதையாகவே சொன்னார்: "அவனைக் கண்டெடுத்த பிறகுதான் ஜெயித்தோம்." தேதியைப் பார்த்தால் தலைகீழ். கோப்பை ஏப்ரலில், விமானம் ஜூனில். பாட்டிலும் சாபம் கிடையாது, அதே வருடம் என்பதோடு சரி. மீதி, கேட்கிறவர்கள் கட்டிவிட்டது.

அப்புறம் பாட்டின் பெயரில் வரும் அந்தத் தொப்பி ('கேப்'). இரண்டாம் உலகப் போரில் பலமுறை குண்டுவீசப் பறந்த விமானிகளின் தொப்பி நைந்து தொங்கிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்கள் தங்கள் தொப்பியையும் கசக்கி அப்படி ஆக்கிக்கொள்வார்கள். பாடுகிறவன் அந்த ரகம். ஹாக்கி அட்டையில் படித்த பாரில்கோ கதையை அந்தத் தொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறான். அதனால் இது பாரில்கோவைப் பற்றிய பாட்டு என்பதைவிட, அடுத்தவர் வீரத்தை இரவல் வாங்கிக்கொண்டவனைப் பற்றியது என்பேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

உங்களுக்கு எந்தப் பாட்டு?

ஸ்கார்பரோவிலிருந்து:

அதே குழுவின் 'பாப்கேஜன்', 1998. அதில் ஒரு கலவரம் வரும். ரொறன்ரோவின் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் 1933 ஆகஸ்ட் 16 அன்று நடந்ததுதான் அது என்று நண்பன் ஒருவன் என்னை அங்கேயே கூட்டிப்போய் மேட்டில் நிறுத்தி விளங்கப்படுத்தினான். பேஸ்போல் ஆட்டம் முடிந்த கையோடு ஒரு கும்பல் ஸ்வஸ்திகா போட்ட துணியை விரித்திருக்கிறது. யூத இளைஞர்கள் பாய்ந்தார்கள், இத்தாலியர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள், மணிக்கணக்காக அடிபாடு.

பொருந்துகிறதுதான். ஆனால் பாட்டில் பூங்காவின் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. பிறகு பாட்டுக்குப் பெயர் தந்த பாப்கேஜன் ஊருக்கே போனேன். கால்வாயின் 32ஆம் இலக்க லொக்கில், அதாவது நீர்மட்டத்தை மாற்றும் மதகில், படகுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதைத் தவிர அங்கே செய்ய ஒன்றும் இல்லை. கலவரத்துக்குள் நிற்கிறவனுக்கு அப்படி ஓர் ஊர் வேண்டியிருந்தது, அதுதான் பாட்டு என்று எனக்குப் பட்டது. 1933ஐ நண்பனே வைத்துக்கொள்ளட்டும்.

மிச்சிகனிலிருந்து:

ஒன்டாரியோவின் ஒரில்லியாவில் பிறந்த பாடகர் கார்டன் லைட்ஃபுட்டை யாரும் சொல்லவில்லையே! 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' கப்பல் 1975 நவம்பர் 10 அன்று சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு சுப்பீரியர் ஏரியில் மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு வருடம் ஆவதற்குள் அதைப் பற்றி அவர் பாட்டு வந்துவிட்டது.

வைட்ஃபிஷ் பாயிண்ட் அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பலின் மணி இருக்கிறது, 1995-இல் மேலே கொண்டுவந்தது. அதன் முன்னால் ஒருவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏரிக் கப்பல்களில் வேலை பார்த்தவராம். இரவு 7 மணி வரி வந்ததும் காதைத் தீட்டினேன். இசைத்தட்டில், சரக்கறையின் மேல்மூடி இடிந்து விழுந்ததாக வரும். இவர் பாடியது இருட்டிவிட்டது என்று.

கேட்டதற்குச் சொன்னார். 1977-இல் கடலோரக் காவல்படை அறிக்கை, மூடிகள் சரியாக அடைபடாததையே காரணமாகக் காட்டியது. மூடிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்களின் குடும்பங்கள் அந்தப் பழியையும் சுமந்தன. 2010-இல் ஒரு ஆவணப்படம் ராட்சத அலைகள்தான் காரணம் என்றது. லைட்ஃபுட் அதன்பின் மேடையில் வரியை மாற்றிவிட்டார். டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தைப் பூஞ்சை வாசம் அடிக்கிற பழைய கூடமாகப் பாடியிருந்ததையும், அங்கே வழிபட வந்த ஒருவர் குறைப்பட்டதும் மாற்றினார். 2023 மே மாதம் அவர் இறந்தபோது அதே தேவாலயம் மணியை 30 முறை அடித்தது, 29 மாலுமிகளுக்கு, ஒன்று அவருக்கு.

மிசிசாகாவிலிருந்து:

அருமை. ஆனால் கப்பல் போய்க்கொண்டிருந்தது டெட்ராய்ட் பக்கம் ஸக் தீவுக்கு. பாட்டில் கிளீவ்லாந்து என்று வருகிறதே, அதை ஏன் விட்டுவைத்தார்?

மிச்சிகனிலிருந்து:

அதனால் யார் தலையிலும் பழி விழவில்லையே.