இரட்டை ஆக்சில் கேரவன்: பின் இடது டயர் உள்ஓரம் மட்டும் தேயுது, உதவி தேவை

காவேரிப்பட்டினம்_கேரவன்
அவசரம்ங்க. பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற கேரவன்ல (வீட்டு வண்டி) பின் இடது டயர் உள்ஓரம் மொட்டை ஆயிடுச்சு. புது டயர், 3,000 கிமீ கூட ஓடல. கண்ணாடியில பார்த்தா வண்டியோட வால் இடது பக்கம் ஒதுங்கியே வருது. அலைன்மென்ட் கடையில இழுவை வண்டிக்குப் பண்ண மாட்டோம்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை தொப்பூர் இறங்கி மேட்டூர் போகணும். என்ன பண்ணலாம்?

மொரப்பூர்_டயர்
காத்துதான். எத்தனை பி.எஸ்.ஐ வச்சிருக்கீங்க?

ஊத்தங்கரை_ஜாக்கி
காத்து குறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும், கூடினா நடு தேயும். ஒரே ஓரம் தேய்ஞ்சா அது காத்து இல்ல. பேரிங் ஆட்டத்தைப் பாருங்க. சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா தடதடன்னு இருக்கா?

ரசமட்டம்
சஸ்பென்ஷன் பட்டையா (லீஃப் ஸ்பிரிங்), ரப்பர் டார்ஷனா? என்ன டயர்? எவ்வளவு எடை? இழுக்கும் கொக்கி எவ்வளவு உயரம்? கடைசியா எதைக் கழட்டி மாட்டினீங்க? இதில் ஒன்றுகூடச் சொல்லாமல் உதவி கேட்டால் எல்லாரும் ஆளுக்கொரு ஜோசியம்தான் சொல்வார்கள். இரட்டை ஆக்சில் வண்டி வைத்திருப்பவருக்கு இந்த அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும்.

காவேரிப்பட்டினம்_கேரவன்
பட்டைதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் 5 பட்டை, முன் பின் கட்டுக்கு நடுவுல பளுவைப் பங்கு போடுற ஈக்குவலைசர். டயர் 185 ஆர் 14. சாமானோட 1,900 கிலோ. பேரிங் ஆட்டம் இல்ல. காத்து டயர்ல போட்ட அளவுதான்.

ராயக்கோட்டை_பட்டறை
ஆக்சில் பைப் வளைஞ்சிருக்கும். பளு ஏறினா நடு தொங்கும், சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், உள்ஓரம்தான் போகும். கழட்டி பிரஸ்ல வச்சு நிமிர்த்தணும்.

பாலக்கோடு_லேத்
பளுவுல நடு தொங்கினா ரெண்டு பக்க டயரும் உள்ஓரம் தேயணுமே அண்ணா. இவருக்கு இடது மட்டும்தானே.

தம்பி, முதல்ல ஒரு காரியம் பண்ணுங்க. பின் டயர் ரெண்டையும் உள்ளங்கையால குறுக்கா தடவுங்க, இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. ரப்பர் கட்டையோட விளிம்பு ஒரு பக்கம் வழுவழுன்னும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருக்கும். ரெண்டு டயர்லயும் கூர்மை ஒரே திசையில (ரெண்டுமே இடது, இல்ல ரெண்டுமே வலது) இருந்தா ஆக்சில் மொத்தமா கோணலா நிக்குது. எதிரெதிரா இருந்தா டோ பிரச்சினை, அதாவது ஆக்சில் முனையே திரும்பியிருக்கு. முன் டயரையும் விடாம தடவுங்க.

காவேரிப்பட்டினம்_கேரவன்
தடவிப் பார்த்தேன். பின்னாடி ரெண்டுலயும் கூர்மை இடது பக்கம். வலது டயர்ல வெளிஓரம் லேசா தேய்ஞ்சிருக்கு, நான்தான் கவனிக்கல. முன்னாடி லேசா, ஆனா திசை வலது பக்கம். அப்புறம் போன மாசம் பின் இடது பட்டைக் கட்டு மட்டும் மாத்தினோம், மெயின் பட்டை உடைஞ்சிருந்தது.

ரசமட்டம்
முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

பாலக்கோடு_லேத்
இப்ப தெளிவாயிடுச்சு. பின் ஆக்சிலோட இடது முனை பின்னாடி தள்ளி நிக்குது. அதனால பின் சக்கரம் ரெண்டும் இடது பக்கம் பார்க்குது, வாலை இடது பக்கம் இழுக்குது. இடது டயருக்கு உள்ஓரமும் வலது டயருக்கு வெளிஓரமும் போறது அதான். முன் ஆக்சில் எதிர்த்து நிக்குது, அங்க கூர்மை மாறியிருக்கு.

அளக்குற முறை: சமமான சிமெண்ட் தரை, வழக்கமான சாமான் உள்ளயே இருக்கணும். நேரா ஒரு பத்து மீட்டர் முன்னாடி இழுத்து நிறுத்துங்க, அப்பதான் டயர் முறுக்கு விடும். ஜாக்கி போட்டுத் தூக்கி அளந்தா கணக்கு தப்பு. கொக்கிக் கிண்ணத்தோட நடுவுல இருந்து தூக்குக்குண்டு விட்டு தரையில புள்ளி வைங்க. நாலு ஹப் மையத்துல இருந்தும் அதே மாதிரி. கொக்கிப் புள்ளியில இருந்து முன் ஆக்சிலோட இடது, வலது புள்ளிக்கு டேப் பிடிங்க. வித்தியாசம் ஒரு நூல், அதாவது 3 மிமீக்குள்ள இருக்கணும். அடுத்து முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் இடைவெளி, இடது ஒண்ணு, வலது ஒண்ணு. அங்க அரை நூல்தான், 1.5 மிமீ. டேப்பை ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்துப் பிடிங்க, தொங்கவிட்டா அரை நூல் அதுலயே போயிடும்.

முன் ஆக்சில் சரியா இருந்து பின்னாடி மட்டும் தப்புன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டோட தலை, பட்டை உட்கார்ற ஆக்சில் சீட்டோட துளையில உட்காராம மேல ஏறி நிக்கும். ரெண்டாவது, புதுக் கட்டு அளவு மாறியிருக்கும், இல்ல திருப்பி மாட்டியிருப்பாங்க. சில பட்டைக்கு சென்டர் போல்ட் சரி நடுவுல இருக்காது.

ஊத்தங்கரை_ஜாக்கி
அப்ப பட்டையோட முன் கண்ணுல (முனையில இருக்கிற வளையம்) இருந்து சென்டர் போல்ட் வரை அளந்தா போதுமே.

பாலக்கோடு_லேத்
பின் கட்டுக்கு அது உதவாது. அதோட முன் கண் ஷேக்கிள்ங்கிற ஆடுற இணைப்பு வழியா ஈக்குவலைசர்ல தொங்குது, நகரும். பின் கண்தான் பிராக்கெட்ல நிலையா நிக்குது. பின் கண்ணோட மையத்துல இருந்து சென்டர் போல்ட் வரை ரெண்டு பக்கமும் அளங்க.

மொரப்பூர்_டயர்
பட்டை மாத்தும்போது நடுவுல கிரீஸ் தடவினாங்களா? தடவலைன்னா பட்டை இறுகி ஆக்சிலைக் கோணலாக்கும்.

ராயக்கோட்டை_பட்டறை
பட்டைக்கு நடுவுல கிரீஸ் தடவவே கூடாது. ஷாக் அப்சார்பர் இல்லாத இழுவை வண்டியில குதியை அடக்குறது பட்டையோட உராய்வு ஒண்ணுதான். பர்கூர் பக்கம் கிரானைட் தூசியில அது ஒட்டி அரைக்கும்.

மொரப்பூர்_டயர்
தடவாம விட்டா மழையில துரு ஏறி, துருவே பட்டையைத் தின்னும். கிராஃபைட் கிரீஸ் மெல்லிசா தடவினா தூசி அவ்வளவா ஒட்டாது.

ராயக்கோட்டை_பட்டறை
துருவுக்கு பெயின்ட் அடிச்சு மாட்டுங்க. கிரீஸ் வேணும்னா ஷேக்கிள் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் போடுங்க, அங்கதான் அது வேணும்.

ரசமட்டம்
கிரீஸால் ஆக்சில் கோணாது. கேட்டவரின் வண்டிக்கு வாருங்கள்.

காவேரிப்பட்டினம்_கேரவன்
அளந்துட்டேன். கொக்கியில இருந்து முன் ஆக்சில் ரெண்டு பக்கமும் 2 மிமீதான் வித்தியாசம். ஆக்சிலுக்கு ஆக்சில் இடது 864, வலது 850. பின் கண்ணுல இருந்து போல்ட் வரை இடது 330, வலது 344.

பாலக்கோடு_லேத்
14 மிமீ இங்கயும் அங்கயும் பொருந்துது. திருப்பித்தான் மாட்டியிருக்காங்க. சக்கரத்துக்குச் சக்கரம் 1,700 மிமீன்னு வச்சாலும், கோணலா நிக்குற அந்த ஆக்சில் தனியா ஓடினா கிலோமீட்டருக்கு 8 மீட்டர் பக்கவாட்டுல போகும். ரெண்டு ஆக்சிலும் பங்கு போட்டு இழுக்கிறதால ஒண்ணுக்கு சுமார் 4 மீட்டர். புது டயர் எப்படித் தாங்கும்?

கட்டைக் கழட்டித் திருப்புங்க. சீட் துளையை ராவிப் பெருசாக்கவே கூடாது. வெல்டிங், சூடு ரெண்டும் ஆக்சில் பக்கம் வேண்டாம். ஜாக்கியை சட்டத்துக்குக் கீழ கொடுங்க, ஆக்சில் பைப் நடுவுல இல்ல. ஸ்டாண்டு இல்லாம உள்ள படுக்காதீங்க. பட்டையை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, வண்டி எடை பட்டையில இறங்கின பிறகு கடைசி இறுக்கு: அரை இஞ்ச் போல்ட்டுக்கு 60 முதல் 95 நியூட்டன் மீட்டர். 100 கிமீக்குள்ள திரும்ப இறுக்குங்க.

ரசமட்டம்
கொக்கி உயரத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை. மூக்கு தூக்கலாக இருந்தால் எடை பின் ஆக்சிலுக்குப் போகும். சட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இடது ஈக்குவலைசரையும் பாருங்கள். புதுக் கட்டுக்கு வளைவு அதிகம், அது சாய்ந்து முட்டி நின்றால் வலது பின் கட்டையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

காவேரிப்பட்டினம்_கேரவன்
திருப்பி மாட்டியாச்சு. இப்ப இடது 851, வலது 850. மூக்கு 60 மிமீ தூக்கல், கொக்கி உட்கார்ற உருண்டையை (டோ பால்) இறக்கிட்டோம். ஈக்குவலைசர் முட்டல. தொப்பூர் இறக்கத்துல நேரா வந்தது. நன்றிங்க எல்லாருக்கும்.

பாலக்கோடு_லேத்
யூ போல்ட்டும் நட்டும் புதுசா போட்டீங்களா, பழசையே மாட்டினீங்களா? ஒரு தடவை இறுக்கினது நீண்டிருக்கும், திரும்பப் பிடிக்காது.

ஊத்தங்கரை_ஜாக்கி
தம்பி, அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மேட்டூர்ல இருந்து திரும்பி வரும்போது தொப்பூர் ஏத்தம் இருக்கு.