பச்சிளம் குழந்தைக்கு ரத்தக் கல்ச்சர்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குழுவிலுள்ள குழந்தை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். மாவட்ட மருத்துவமனை ஒன்றின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன். ரத்தத்தொற்றைக் கண்டறிவதில் உங்கள் அனுபவம் வேண்டும்.

எடை குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உடல் சில்லிட்டுப்போகும், நேற்றுவரை நன்றாகக் குடித்த குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டும் பால் கடைவாயில் வழியும். நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் மீண்டும் சிவக்க 3 விநாடிக்கு மேலாகும். அப்போதே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், அதற்கு முன்பே கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ரத்தமும் எடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். 1 மி.லி.யாவது வேண்டும், குறைந்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் நூலிழை நரம்பில் அரை மி.லி. வருவதற்குள் ரத்தம் உறைந்துவிடுகிறது. நீங்கள் எந்த இடத்தில் எடுக்கிறீர்கள்? தமனியில் எடுப்பவர்கள் உண்டா?

எங்கள் ஆய்வகம் இரவில் இயங்குவதில்லை. ரத்தம் சேர்த்த கல்ச்சர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதால் வெளியிலேயே வைத்துக் காலையில் அனுப்புகிறோம். வேறு வழி இருக்கிறதா?

சி.ஆர்.பி. (தொற்று, அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் புரதம்) முதல் சில மணி நேரத்தில் உயராது என்பதால் 24 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறோம். அதுவும் குறைவாக இருந்து, கல்ச்சரிலும் 48 மணி நேரத்தில் எதுவும் வளராவிட்டால் மருந்தை நிறுத்துகிறீர்களா? போதிய ரத்தம் இல்லாத கல்ச்சரை நம்பி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தேவையின்றித் தொடர்ந்தாலோ கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன.

உங்கள் பிரிவின் நடைமுறையைத் தயவுசெய்து எழுதுங்கள். ஊசி பிடிக்கும் செவிலியர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.