பின் சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: 100 சிசி வண்டி, ஒன்பது வருடமாக ஓடுகிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் டயரைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது, 40ஐத் தாண்டினால் கொர்ரென்று சத்தம் வேறு. பேரிங்தானா?

பதில்: ஸ்விங் ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கவை) சேர்ந்து ஆடினால் அதன் புஷ் (கவை அசையும் இடத்தில் இருக்கும் உருளை வளையம்) போயிருக்கும், சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்தான். ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இரண்டு பேரிங், பல வண்டிகளில் செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பேரிங்கில் 6301, 6202 என்று நம்பர் இருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பதில்: புதியதை அடித்து இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும், அந்த வளையத்தின் அளவுக்குச் சரியான ஸ்பேனர் சாக்கெட்டை மேலே வைத்து அடியுங்கள். நான் முதல் தடவை உள் வளையத்தில் அடித்துவிட்டேன், ஒரே மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. அப்புறம், ஹப்பின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் உள் வளையங்கள் நெருக்கப்பட்டு பேரிங் சீக்கிரம் போய்விடும்.

கேட்டவர்: கழற்றிவிட்டேன். ஸ்ப்ராக்கெட் பக்கத்து பேரிங்கில் கிரீஸே இல்லை, துருப்பொடிதான் கொட்டியது, விரல் விட்டுச் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருக்கிறது. ஸ்பேசர் நன்றாக இருக்கிறது. சரி, நாளை மூன்றையும் வாங்கிவிடுகிறேன்.