செவிவிரியலாக்கி, ஒப்புமையாக்கி: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கைபேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையில் செருகப்பட்டு, எண்வடிவில் உள்ள இசையை மின்குறிப்பாக (சிக்னல்) மாற்றி ஹெட்போனை இயக்கும் சிறு கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடித் தொடங்கிய இவ்விழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. கோவையிலிருந்து எழுதிய ஐயா "காதொலிபெருக்கி" என்றும், மட்டக்களப்பு ஆசிரியை "எண்ணிம ஒலிமாற்றி" என்றும் சொல்லியிருக்க, யாழ்ப்பாணத்து நண்பர் ஆங்கிலச் சுருக்கத்தை (DAC) "டாக்" என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்கிறார். 2016இல் வந்த ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்ட பின்னர் பல நிறுவனங்கள் அவ்வழியே சென்றதால், இங்கே திருகோணமலை என்.சி. வீதியில் கைபேசி உதிரிப்பாகம் விற்கும் கடைகளிலும் இக்கருவி இன்று கிடைக்கிறது. ஆகவே பெயர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்துக் கருவியை மதிப்பிட்டு ஒரு பத்தி எழுத முடிகிறதா என்று பார்த்தால், மூன்றுமே இடறுகின்றன.

முதலில் "காதொலிபெருக்கி". திருகோணமலையில் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள் என்றால், கம்பத்தில் ஏற்றிய கூம்பைத்தான் எவரும் நினைப்பார்கள். அந்தக் கூம்புக்கு வலு கொடுக்கும் பெட்டியை ஒலி, ஒளி அமைப்பாளர்கள் "அம்பிளிபயர்" என்று தனியாகச் சொல்வார்கள். மின்குறிப்பைக் காற்றதிர்வாக மாற்றுவது ஒன்று, மின்குறிப்பை மின்குறிப்பாகவே வைத்து அதன் வீச்சத்தை (ஏற்ற இறக்கத்தின் அளவை)க் கூட்டுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், ஹெட்போனும் அதை இயக்கும் கருவியும் ஒரே பெயருக்குப் போட்டியிடும். "ஒலி"யை நீக்கிவிட்டு "பெருக்கி" என்று மட்டும் வைக்கலாமே என்றால், கணக்கிலும் மின்னணுவியலிலும் இரண்டு எண்களையோ இரண்டு குறிப்புகளையோ ஒன்றோடொன்று பெருக்குவதற்கும் அச்சொல் தேவைப்படுகிறது.

இலங்கையில் உயர்தரப் பௌதிகவியல் படித்த மாணவர் எவருக்கும் "செயற்பாட்டு விரியலாக்கி" (operational amplifier) பழகிய சொல். பெய்ப்பு (உள்ளீடு), பயப்பு (வெளியீடு), மீடிறன் (அதிர்வெண்), வலு (திறன்) ஆகியவையும் அந்த வகுப்பிலேயே வருகின்றன. தமிழகத்து அன்பர்களுக்கு "விரியலாக்கி" முதலில் சற்று விறைப்பாகத் தோன்றலாம் என்பது தெரியும். ஆயினும் அது வீச்சம் விரிவதையே சொல்கிறது, வேறெதனோடும் மயங்குவதில்லை. எனவே ஹெட்போனை இயக்கும் பகுதியைச் "செவிவிரியலாக்கி" என்று சொல்ல முன்மொழிகிறேன். ஹெட்போனுக்கே ஒரு சொல் ஆக்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் எண்ணத்தில் வேண்டியதில்லை. அச்சொல்லால் எந்தக் குழப்பமும் நேரவில்லை; குழப்பம் இல்லாத இடத்தில் சொல்லாக்கம் வெறும் உழைப்பு.

அடுத்து "எண்ணிம ஒலிமாற்றி". இதில் டிஜிட்டல் என்பதற்கு எண்ணிமமா இலக்கமுறையா என்பது எனக்குப் பெரிய வழக்கன்று. இங்குள்ள பிள்ளைகளுக்கு இலக்கமுறை பழக்கம் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் "மாற்றி"யில் இருக்கிறது. எதிலிருந்து எதற்கு மாற்றுகிறது என்பதை அது சொல்லாது. மேலும் இக்கருவி ஒலியை மாற்றுவதில்லை. குறுவட்டின் வடிவத்தில் ஒரு விநாடிக்கு 44,100 முறை மாதிரியாக எடுக்கப்பட்ட 16 பிற்று (bit, இரும இலக்கம்) எண்களின் வரிசை உள்ளே வருகிறது. அவ்வெண்களைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கும் ஒரு வோல்ற்றளவு (மின்னழுத்தம்) வெளியே போகிறது. அந்த வோல்ற்றளவு ஒலியழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒத்திருப்பதால்தான் அதை ஒப்புமைக் குறிப்பு என்கிறோம். எண்ணிலிருந்து அந்த ஒப்புமையை ஆக்குவது "ஒப்புமையாக்கி" என்றால், ஒலிவாங்கியின் பக்கம் நின்று எதிர்த்திசையில் வேலை செய்வது தானாகவே "இலக்கமாக்கி" ஆகிவிடுகிறது. ஒரு சொல் தன் இணையையும் கூடவே தந்துவிடுவதையே நான் அதன் வலிமையாகக் கருதுகிறேன். "விரியலாக்கி"யோடு ஈறும் ஒத்துப்போகிறது.

இரண்டு சொற்கள் எதற்கு, கருவி ஒன்றுதானே என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்கக்கூடும். கருவி ஒன்றாயினும் குறைகள் வெவ்வேறு இடத்தில் பிறக்கின்றன. "டாக் சரியில்லை" என்று ஒருவர் எழுதினால் எந்தப் பகுதி சரியில்லை என்று வாசகர் அறிய வழியில்லை. பெரும்பாலும் எழுதியவருக்கும் தெரிந்திராது. நான் இச்சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்த மதிப்பீட்டுப் பத்தி ஒன்றைக் கீழே தருகிறேன். எண்கள் கணக்கிட்டு எடுத்தவை, எந்த வணிகப் பொருளுக்கும் உரியவையல்ல. அதில் வரும் "தடங்கல்" என்பது மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு பகுதி காட்டும் எதிர்ப்பு (impedance).

"இக்கருவியின் ஒப்புமையாக்கி 24 பிற்று ஆழமும் 96 கிலோஹேர்ட்சு மாதிரி வீதமும் கொண்ட கோப்புகளை ஏற்கிறது. செவிவிரியலாக்கியின் உச்சப் பயப்பு 2 வோல்ற்று. 300 ஓம் ஹெட்போனில் அது ஏறத்தாழ 13 மில்லிவாற்று வலுவாகிறது. 32 ஓம் ஹெட்போனில் அதே 2 வோல்ற்று 125 மில்லிவாற்றாக வேண்டும்; அதற்கு 62 மில்லிஅம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டம் தேவை. சிறு மின்கலத்தால் அதைத் தர இயலாவிடின் ஒலியின் உச்சிகள் வெட்டப்பட்டுத் திரிபு தோன்றும். பயப்புத் தடங்கல் 10 ஓம் ஆதலால், சில மீடிறன்களில் 8 ஓமும் வேறு சிலவற்றில் 40 ஓமும் காட்டும் காதுச்செருகியில் அவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5 டெசிபெல் மட்ட வேறுபாடு புதிதாகச் சேர்கிறது. தடங்கல் 1 ஓமாக இருந்திருந்தால் அது 1 டெசிபெல்லுக்கும் குறைவாகவே இருந்திருக்கும்."

கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதினேன். அங்கே சொல்லப்படும் குறை ஒப்புமையாக்கியினுடையது அன்று. எத்தனை பிற்று உயர்த்தினாலும் அது தீராது. செவிவிரியலாக்கியின் பயப்பும் காதுச்செருகியும் சேர்ந்து உண்டாக்கும் குறை அது. பெட்டியின் மேல் அச்சிட்ட பிற்றுக் கணக்கைப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வேறுபாட்டை உணர்த்த, இரண்டு பகுதிக்கும் இரண்டு பெயர் இருந்தே ஆகவேண்டும். நேர்மின்னோட்டத்தில் அளக்கும் தடையிலிருந்து, மீடிறனோடு மாறும் இந்தப் பண்பைப் பிரித்துக் காட்டவே "தடங்கல்" என்று எழுதினேன். தமிழகத்தில் இதற்கு வழங்கும் சொல்லையும் ஏற்பேன்.

"ஒலித்தரம்" என்ற சொல்லைப் பத்தியில் வேண்டுமென்றே தவிர்த்தேன். இரைச்சல், திரிபு, மட்ட வேறுபாடு என்ற மூன்றையும் அது ஒன்றாக விழுங்கிவிடுகிறது. அதைவிட, இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது பயப்பு வோல்ற்றளவைச் சமப்படுத்தாவிட்டால், சற்றே உரக்க ஒலிப்பதையே காது சிறந்தது என்று தீர்ப்பளிக்கும். இணையத்தில் உலவும் மதிப்புரைகள் பலவற்றில் "தரம்" என்று குறிக்கப்படுவது வெறும் ஒலிமட்டமாக இருக்க வாய்ப்புண்டு.

முழுக் கருவிக்கும் ஒரே பெயர் கேட்பவர்களுக்கு: "ஒப்புமையாக்கியுடன் கூடிய கையடக்கச் செவிவிரியலாக்கி" என்று ஒருமுறை எழுதிவிட்டு, பின்னர் "கருவி" என்றே தொடரலாம். கடையின் விலைச்சீட்டுக்கு அது நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே "செவிவிரியலாக்கி" போதும், ஏனெனில் ஹெட்போனைச் செருகும் துளை அந்தப் பகுதியினுடையது.

இரு கரையிலும் சொல் வேறுபடுவது குறித்துக் கோவை ஐயா வருந்தியிருந்தார். இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலாநந்தர்தான் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பௌதிகவியலும் இசையும் அறிந்தவர் அவர். அதுபோல இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுப்பதே முறை என்பதால், மேலுள்ள மதிப்பீட்டுப் பத்தியில் "செவிவிரியலாக்கி" வரும் இடங்களில், விரியலாக்கிக்கு ஈடான "மிகைப்பி"யைக் கொண்டு "செவிமிகைப்பி" என்று இட்டு வாசித்துப் பார்க்குமாறு தமிழக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொருள் குன்றாமல் வாசிக்க முடிந்தால் இரண்டையும் இணைச்சொற்களாகப் பட்டியலில் ஏற்றலாம். "ஒப்புமையாக்கி"க்கு மறுப்பு இருந்தால், அதன் எதிர்த்திசைக் கருவிக்கும் சேர்த்து மாற்றுச்சொல் தாருங்கள்.