ஓடாத வேலைக்கு 'பிளாக்ட்' நிலை: விடுவிப்பது எப்படி?

இரவு 2 மணிக்குத் தானாக ஓட வேண்டிய கணக்குச் சரிபார்ப்பு வேலை, கடந்த மூன்று வாரங்களில் நான்கு முறை தொடங்கவே இல்லை. தோல்வியடைந்திருந்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கும். தொடங்காத வேலைக்குத் தோல்வி ஏது? கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருக்கிறது. காலையில் அறிக்கை எங்கே என்று கணக்குப் பிரிவினர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது.

ஜாவா 11, வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் குவார்ட்ஸ் மென்பொருள் 2.3.2, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சேர்ந்து இயங்கும் மூன்று சர்வர்கள் கொண்ட கிளஸ்டர். ஒரே வேலை ஒரே சமயத்தில் இருமுறை ஓடக்கூடாது என்ற தடையையும் வைத்திருக்கிறோம். வேலை நின்ற நாள்களில் ட்ரிகர் (வேலை எப்போது தொடங்க வேண்டும் என்ற பதிவு) அட்டவணையில் இதன் நிலை 'பிளாக்ட்', அதாவது தடுக்கப்பட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் அட்டவணையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆளில்லாத அறை உள்ளே தாழிட்டிருப்பதுபோல!

சர்வர் கடிகாரங்களை ஒப்பிட்டேன், சரியாகவே இருக்கின்றன. வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டும் த்ரெட்களின் எண்ணிக்கையை 10இலிருந்து 20 ஆக்கினேன். மிஸ்ஃபயர் வரம்பை (வேலை தொடங்க எவ்வளவு தாமதமானால் தவறியதாகக் கொள்வது என்ற அளவை) 60 விநாடியிலிருந்து கூட்டினேன். சர்வர்களை மறுதொடக்கம் செய்தும் நிலை மாறவில்லை. நான்கில் இரண்டு முறை, முந்தைய மாலை புதிய பதிப்பை ஏற்றும்போது ஒரு சர்வரை வலுக்கட்டாயமாக நிறுத்தியிருந்தோம். மற்ற இரண்டுக்கும் காரணம் புலப்படவில்லை.

இப்போதைக்குக் கிளஸ்டர் முழுவதையும் நிறுத்திவிட்டு, தரவுத்தளத்தில் கையாலேயே நிலையை 'வெயிட்டிங்' (காத்திருப்பு) என்று மாற்றுகிறேன். பகலில் இது கட்டுப்படியாகாது.

கிளஸ்டரை நிறுத்தாமலேயே இந்த ட்ரிகரைப் பாதுகாப்பாக விடுவிக்க என்ன வழி?