பத்து நாள் மண்வெட்டி தொடவில்லை

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், வெருகல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அகழாய்வு தொடங்க வந்த பன்னாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். மட்பாண்டம் படிப்பவர், எலும்பு ஆராய்பவர், விதை ஆராய்பவர் என ஆளுக்கொரு துறை. மண்ணியலாளருக்கோ வெயில் படாத மண் வேண்டும். மணல் மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளப்பவர் அவர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த நீரை வான் வண்டியில் நொடியில் தாண்டி, மூதூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அகழ முடியாது. அது கையில் இருந்தது. ஊரின் சம்மதம்தான் இல்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "தோண்டி ஏதாவது கிடைத்தால் தொல்லியல் இடமென்று எங்கள் காணிக்கு எல்லைக்கல் போடுவார்களா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதை மொழிபெயர்க்கும்போது என் தொண்டை அடைத்தது. திருகோணமலையில் பிறந்தவனுக்கு அந்தப் பயம் புதிதல்ல. குழுத் தலைவர் பொய்யாகத் தேற்றவில்லை. அந்த உறுதியைத் தரும் அதிகாரம் தனக்கு இல்லை, ஊர் சம்மதிக்கும்வரை தோண்டமாட்டோம் என்றார். அப்படிச் சொல்லத் துணிந்ததற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

பத்து நாள் நடந்தோம், பேசினோம், வீடு வீடாகத் தேநீர் குடித்தோம்.

ஒரு மாலை, விதை ஆராயும் பெண் தன் வேலையைச் செய்து காட்டினார். அடுப்புச் சாம்பலும் மண்ணும் அள்ளித் தண்ணீர்ப் பீப்பாயில் கொட்டிக் கலக்கினார். கல்லும் மணலும் அடியில் தங்க, கருகிய மணிகள் மிதந்து மெல்லிய வலையில் சேர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "இது அரிசி அரிப்பதுதானே பிள்ளை!" என்றார். வலைக்குள் விரலை விட்டு, கருகிக் கிடந்ததைத் தொட்டே பிரித்தார்: இது எள், இது குரக்கன் (கேழ்வரகு), இது புல்விதை. அந்தப் பெண் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்துவிட்டு ஆச்சியின் அருகில் தரையில் உட்கார்ந்துகொண்டார். காடு வெட்டிப் பயிரிட்ட எந்தச் சேனையில் எது விளைந்தது, எந்த மாதம் விதைத்தார்கள் என்று இருட்டும்வரை கேள்விகள். எனக்கு மூச்சு விட நேரமில்லை. அன்று முதல் குழு முழுவதும் அந்த வேலையை 'அரித்தல்' என்றே சொன்னது.

மறுநாள் காலை ஆச்சியே எங்களைத் தன் வளவுக்குக் கூட்டிப்போனார். கிணறு வெட்டியபோது வந்த கறுப்பு சிவப்பு மட்பாண்ட ஓடுகளை ஒரு பழைய பானைக்குள் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அத்தனை வருடங்களாக வைத்திருந்தார்.