மைக்ரோவேவ் யூவி விளக்கு: கால் இல்லாத பல்பைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

சிப்காட்வாசி:
ராணிப்பேட்டையில ஒரு பிரிண்டிங் யூனிட், பேர் வேணாம். 2012 கரண்ட் கட்டு யாருக்கும் மறந்திருக்காது. அப்போ ஷீட்டு மேல பூசின வார்னிஷைக் காய வைக்க எங்ககிட்ட ஆர்க் வகை யூவி (புற ஊதா) விளக்கு. ஒரு நிமிஷம் கரண்ட் போனாலும் பல்பு ஆறணும், திரும்ப ஏறணும், அதுவரைக்கும் வார்னிஷ் காயாத ஷீட்டெல்லாம் நசநசன்னு கிடக்கும். அப்புறம்தான் மைக்ரோவேவ் செட் வந்துச்சு. சில நொடியில முழு வெளிச்சம். பெட்டியைப் பிரிச்சது நான். சின்னதா ஒரு குவார்ட்ஸ் குழாய், ரெண்டு முனையும் மூடி, வயர் மாட்டுற டெர்மினலே கிடையாது. "ணா, காலொடிஞ்ச பல்பை அனுப்பிட்டானுங்க"ன்னு கத்தினேன். இன்சார்ஜ் சிரிச்சார். நம்பாம, வெறுங்கையில உருட்டி உருட்டிப் பார்த்தேன். கொஞ்ச நாள்ல அங்கங்க பால் தெளிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. விரல் வெச்ச இடம் அப்படியே தெரியுது. திட்டு வாங்கினது ஹெல்பர் பையன். நான் வாயே திறக்கல.

ஆம்பூரான்:
எங்க டேனரி ஷெட்டுலயும் எலக்ட்ரோடு, அதான் பல்புக்குள்ள கரண்ட் விடுற உலோக முனை, இல்லாத லைட்டுதான், வளையமா இருக்கும். முன்னெல்லாம் மெர்குரி பல்பு மாத்த நான்தான் ஏணியில ஏறுவேன். கீழ டிரம் சுத்திகினு இருக்கும், குனிஞ்சா தலையும் கூட சுத்தும். இப்போ வருஷக்கணக்கா ஏணி மூலையில கீது. இதுல மைக்ரோவேவ் எங்கபா வந்துது?

காட்பாடி சர்வீஸ்:
ஆம்பூரானே, உங்களுது இண்டக்‌ஷன். காயில் சுத்தின ஃபெரைட்டுங்கிற காந்தப் பொருளோட வேலை. சிப்காட் சொல்றது மேக்னட்ரான், மைக்ரோவேவ் அலையைக் கிளப்பி பல்பை எரிய வைக்கிற குழாய், வீட்டு மைக்ரோவேவ் அடுப்புல இருக்கிற அதே 2.45 ஜிகாஹெர்ட்ஸ். ரெண்டுலயும் எலக்ட்ரோடு இல்ல, அதனால முனை கறுக்கிற பேச்சே இல்ல. கந்தகத்தைக் கூட உள்ள போடலாம். டங்ஸ்டன் எலக்ட்ரோடு இருந்தா அதைக் கந்தகம் தின்னுடும். 1994ல வாஷிங்டன்ல எரிசக்தித் துறை கட்டடத்துல கந்தக விளக்கு மாட்டினாங்க. உருண்டைப் பல்பு, பம்பரமா சுத்திக்கிட்டே இருக்கணும், நின்னா குவார்ட்ஸ் உருகிடும்.

ஆனா நிரந்தரம்னு நினைக்காதீங்க. பல்பு நல்லா இருக்கும்போதே மேக்னட்ரான் போகும். ஒரு இடத்துல மைக்ரோவேவ் வெளிய வராம தடுக்கிற கம்பி மெஷ் கிழிஞ்சு லைன் அடிக்கடி நின்னுச்சுன்னு, கசிவைக் கண்டுபிடிச்சு லைனை நிறுத்துற லீக் டிடெக்டரையே பைபாஸ் பண்ணி வெச்சிருந்தாங்க! தொட மாட்டேன்னு டூல் பையை மூடிட்டு வந்துட்டேன். யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன்: பல்பைக் காட்டன் கையுறையோட எடுங்க. விரல் பட்டா ஐபிஏவுல (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) துடைச்சிட்டு மாட்டுங்க, கை உப்பு சூட்டுல குவார்ட்ஸைக் கெடுத்துடும். விளக்கை ஆத்துற புளோயரோட ஃபில்டரைச் சுத்தம் பண்றதை மாசக் கடைசின்னு தள்ளாதீங்க, நம்ம ஊரு சித்திரைக்கும் புழுதிக்கும் அது தாங்காது. மெஷ்ஷை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, ஒரு கம்பி அறுந்திருந்தாலும் மாத்துங்க. மேக்னட்ரான் ஓடின மணிக்கணக்கை எழுதி வைங்க, நோட்டுல, செவுத்துல இல்ல.

ஆம்பூரான்:
சரிபா. சிப்காட், அந்தப் பையன்கிட்ட அப்புறமாவது சொன்னியா?

சிப்காட்வாசி:
இல்ல. வாலாஜாவுல ஃபிளெக்ஸ் கடை வெச்சிருக்கான். போன மாசம் பார்த்தப்போ டீ வாங்கிக் குடுத்தான்.